தெற்கா மேற்கா

நம்குண்டாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வனவிலங்குப் பூங்காவின் வரைபடம் இருந்தது. கண்ணாடிக்கு மேலே பீன்ஸும் சோளமும். சிவப்பு பீன்ஸ் என்றால் நியூம்பு என்கிற காட்டு மாடுகள். சோளம் என்றால் எங்கள் வண்டிகள். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் முதலில் பீன்ஸை நகர்த்துவாள். அருஷா மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாவிங்கு டிராவல்ஸில், எந்த வண்டி எந்த வாசல் வழியாக எந்தக் கூடாரத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பத்தொன்பது வருடமாகத் தீர்மானித்து வந்தவள் அவள். பூங்காவுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

வண்டி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வேலைக்குச் சேர்ந்த வருடம் அழைத்துக்கொண்டு போனார்கள். மக்குயூனி திருப்பத்தில் ஆரம்பித்த வாந்தி காரட்டுவில்கூட நிற்கவில்லை. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனாலும் எந்த ஓடை எந்த மாதம் எவ்வளவு ஏறும், எந்த இறக்கத்தில் கரிசல் மண், எங்கே சக்கரம் புதையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லாம் போனில் கேட்டது. பீன்ஸ் நகர்த்த இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு கால்குலேட்டர்மேல் சாய்த்து வைத்திருப்பாள். அவள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

மே மாதக் கடைசி வாரம்தான் கஷ்டம். பெருமழை முடிகிற நேரம், ஆனால் முடிந்துவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. ஈரம் நீடித்தால் மாடுகள் தெற்குச் சமவெளியிலேயே நிற்கும். புல் காய ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் மேற்கே ஆற்றுப் பக்கம் நடந்துவிடும், லட்சக்கணக்கில். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் ஓட்டம். தப்பான பக்கம் கூடாரம் போட்டால் விருந்தாளி புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் பருவத்தின் முதல் விருந்தாளி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு டிரைவரைத் தனியாக உள்ளே அனுப்புவோம். அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த டிரைவர் எப்போதும் டெம்பா.

டெம்பா கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சக்கா. நம்குண்டா பாரே மலைக்காரி. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. எதிரே பார்த்தால் திட்டலாம், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லலாம், செத்த வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகூடக் கிண்டல் செய்யலாம். கோபப்படுகிறவர் ஒரு கோழி தர வேண்டும். மச்சான், மச்சினி என்றுதான் பேச்சு.

"மச்சான், ரோடு எப்படி?"

"சிமெண்ட் போட்டு வச்சிருக்காங்க மச்சினி. அழுக்காயிடும்னு செருப்பைக் கழட்டிட்டு நடக்கறேன்."

நம்குண்டா நோட்டில் 'சேறு' என்று எழுதிக்கொள்வாள்.

"மாடு?"

"ஒண்ணுகூட இல்ல. உங்க பாரே ஆள் யாரோ வந்து எல்லா மாட்டு மேலயும் கேஸ் போட்டுட்டானாம். கோர்ட்டுல நிக்குது."

பீன்ஸ் அங்கேயே இருக்கும். 'மிக அதிகம்' என்று எழுதுவாள். டெம்பா சொன்னதைத் திருப்பிப் போட்டால் உண்மை. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. சில நாள் மத்தியானம், நம்குண்டா டப்பாவைத் திறந்து சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த மக்காண்டேயைச் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து போன் செய்வான். ஒன்றும் பேசாமல் நியூம்பு மாடுபோல முக்குவான். மூக்கும் தொண்டையும் சேர்ந்த சத்தம். மாடுகளே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். "உன் சொந்தக்காரங்க பேசறாங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அவள் மென்றுகொண்டிருப்பாள்.

போன வருடம் அந்த வாரத்தில் டெம்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். வேறு ஒரு டிரைவர் போனான். நேரான ஆள். "மேற்கேதான் நிக்குதுக்கா" என்றான். நம்குண்டா அப்படியே நம்பி மேற்கே போட்டாள். தாரெஸ்ஸலாமிலிருந்து தனியாக வந்திருந்த ரிட்டயர்டு ஜட்ஜ் நாகடோரி அம்மா மூன்று நாள் புல்லைப் பார்த்தார். அவரும் பாரே. ஒரு ஆட்டுக்காகப் பத்து மாட்டை விற்று வழக்கு நடத்துகிறவர்கள் என்று பாரேக்காரர்களை ஊரெல்லாம் சொல்லும். ஜட்ஜ் அம்மா அந்தப் பேரைக் காப்பாற்றினார். பதினோரு பக்கம் புகார், இணைப்பாக வெறும் புல்லின் போட்டோ இருபத்தேழு. முதலாளி லைசர் தாரெஸ்ஸலாம்வரை போய்க் காலில் விழாத குறையாகப் பேசி, அடுத்த வருடம் அதே வாரத்தில் இன்னொரு பயணம் எங்கள் செலவில் என்று முடித்துவிட்டு வந்தார்.

இந்த வருடம் மே பிறந்ததுமே லைசர் நம்குண்டாவின் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். லைசர் மசாய். அவர் இனத்துக்கும் எங்கள் யாருக்கும் கேலிமுறை கிடையாது. சொன்னால் சொன்னதுதான்.

"ஜட்ஜ் அம்மா வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி வர்றாங்க. இந்தத் தடவையும் புல்லைக் காட்டினா, திங்கட்கிழமை இந்த மேஜையில வேற ஆள் இருக்கும். பீன்ஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வேகவச்சுக்கலாம்."

"டெம்பா போறான் சார். இந்தத் தடவை டெம்பா போறான்" என்றாள் நம்குண்டா.

மழைக்காலத்தில் டிரைவர்களுக்கு வேலை இல்லை. மார்ச் மாதம் ஊருக்குப் போன டெம்பா, இங்கே வராமல் ஊர்ப் பக்கத்து மோஷியிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போயிருந்தான். ஜட்ஜ் அம்மா வரும் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் போன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சகோதரி நம்குண்டா."

அலுவலகமே சிரித்தது. நம்குண்டா சிரிக்கவில்லை. பீன்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தயாரானாள்.

"ஆமென் பாஸ்டர். காணிக்கைத் தட்டு எங்க? சக்கா ஊழியம்னா முதல்ல தட்டுதானே வரும்?"

"சகோதரி, தெற்கே மாடு இல்ல. நாலு நாள் முன்னாடியே மேற்கே கிளம்பிடுச்சு. நானே கண்ணால பார்த்தேன். தெற்கே ஏரிக்கரைப் பாதையில கரிசல் இன்னும் காயல, வண்டி புதையும். மேற்குக் கூடாரத்தைப் போடுங்க."

"போடுங்களா? எனக்கு எதுக்குடா மரியாதை?"

"எல்லாரையும் மரியாதையாத்தான் பேசணும் சகோதரி. வைக்கறேன்."

வைத்துவிட்டான். நம்குண்டா போனையே பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கான்" என்றாள் எங்களிடம். "ரெண்டு மாசம் வீட்ல உக்காந்து யோசிச்சிருக்கான்." தெற்கில் பீன்ஸைக் குவித்தாள். நோட்டில் 'தெற்கு, பாதை காய்ந்தது, மாடு நிறைய' என்று எழுதினாள். பிறகு பீன்ஸில் பாதியை எடுத்து மேற்கில் வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரையெல்லாம் கேட்க முடியுமோ அவர்களையெல்லாம் கேட்டாள். தெற்குக் கூடாரத்து மேனேஜர், "வாங்கக்கா வாங்க, மாடு சமையல்கட்டு வரைக்கும் வருது" என்றான். இரண்டு மாதமாக ஆள் வராத கூடாரத்தின் மேனேஜர் வேறு என்ன சொல்வான்? மேற்குக் கூடாரத்து மேனேஜரும் அதையேதான் சொன்னான், சமையல்கட்டு உட்பட. காய்கறி வண்டிக்காரன், தெற்கே ஒரு லாரி இரண்டு நாளாகப் புதைந்து நிற்கிறது என்றான். எந்தப் பாதையில் என்று கேட்டால், தான் பார்க்கவில்லை, தக்காளி இறக்கும்போது யாரோ பேசிக்கொண்டார்கள் என்றான்.

புதன்கிழமை டெம்பாவை அவளே கூப்பிட்டாள்.

"மச்சான், விளையாட்டு போதும். வர்றது ஜட்ஜ் அம்மா. என் வேலை இருக்கு இதுல. ரோட்டைப் பத்தி எப்பவும்போலச் சொல்லு."

"நேத்து சொன்னதுதான் சகோதரி. மேற்கு."

"எப்பவும்போலச் சொல்லுன்னு சொல்றேன்."

"உண்மையத்தானே சொல்றேன்."

"அதைத்தான்டா சொல்லாதேங்கறேன்!"

கத்திவிட்டாள். கணக்குப் பிரிவில் யாரோ "கோழி" என்றார்கள். நம்குண்டா காதில் வாங்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு வேறு விதமாக ஆரம்பித்தாள்.

"சரி. போன கிறிஸ்மஸுக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, என்ன சாப்பிட்டேன்?"

வழக்கமான டெம்பாவாக இருந்தால் ஆடு, ஆட்டைக் கட்டின கயிறு, கயிற்றைக் கட்டின மரம் என்று போயிருப்பான்.

"வாழைக்காயும் இறைச்சியும். ரெண்டு தட்டு" என்றான்.

நம்குண்டா போனை வைத்தாள். முகம் தெளிந்திருந்தது.

"நான் சாப்பிட்டது மூணு தட்டு" என்றாள். "பொய் சொல்றான்."

"மரியாதைக்காக ஒண்ணு கொறைச்சிருப்பாரோ என்னவோ" என்றேன்.

"டெம்பாவா?"

நான்கு மணிக்குள் அனுமதிச் சீட்டில் வாசலின் பெயர் எழுத வேண்டும். மூன்றே முக்காலுக்கு மேற்கிலிருந்த பீன்ஸை எல்லாம் வாரித் தெற்கே கொட்டினாள். ஒரே ஒரு சோளத்தை நடுவில் வைத்தாள். திட்டத்தை டெம்பாவுக்கு அனுப்பினாள். வெள்ளி காலை விமானத் திடலில் ஜட்ஜ் அம்மாவை ஏற்றிக்கொள்ளவும், ஏரிக்கரைப் பாதை வழியாகத் தெற்குக் கூடாரத்துக்குப் போகவும். பதில் ஒரே சொல்லில் வந்தது: 'கீழ்ப்படிகிறேன்.'

"பாத்தீங்களா, கிண்டல்" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அந்தச் சொல்லை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டதாக டெம்பாவிடமிருந்து செய்தி. பன்னிரண்டு மணிக்கு டெம்பாவின் மனைவி ஐக்காண்டே படியேறி வந்தாள். கையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு மூக்குக்கண்ணாடி.

"அடுத்த வண்டியில இதைக் கொடுத்தனுப்புங்கக்கா. மறந்துட்டுப் போயிட்டார். ராவெல்லாம் எழுத்து தெரியலையாம், புலம்பறார்."

"டெம்பாவுக்கு எழுத்து எதுக்கு?" என்றாள் நம்குண்டா.

"பைபிள் படிக்கத்தான்." ஐக்காண்டே எங்கள் எல்லோரையும் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? ஈஸ்டருக்கு இரட்சிக்கப்பட்டுட்டார். வாழைப்பழ பீர் பானை நாலையும் கவுத்துட்டார், எங்க மாமனாரோட பானை உட்பட. கேலி கிண்டல் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாராம். கேலின்னா அதுல பொய் இருக்காம். ஒரு மாசமா வீட்ல ஒரு பொய் கிடையாதுக்கா. குழம்பு எப்படின்னு கேட்டா எப்படின்னு சொல்லிடறார். இருக்க முடியல."

நம்குண்டா நாற்காலியில் உட்காரத்தான் போனாள். ஆனால் எதன்மேல் உட்கார்கிறோம் என்பதே மறந்ததுபோல ஒரு கையால் துழாவினாள்.

"அப்ப மாடு மேற்கே..." என்றாள். "அப்ப ரோடு... மூணு தட்டு?"

"எந்த மூணு தட்டு?"

"கிறிஸ்மஸுக்கு நான் மூணு தட்டு சாப்பிட்டேன். ரெண்டுன்னு சொன்னான்."

"ரெண்டுதான் அவருக்குத் தெரியும். மூணாவது தட்டு நான்தான் உங்களுக்கு அடுப்படியில கொடுத்தேன். அவர் வெளிய ஆடு வாட்டிட்டிருந்தார்."

நம்குண்டா போனை எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பன்னிரண்டேகால், ஒன்று, இரண்டு. சமவெளியில் சிக்னல் கிடையாது. கறையான் புற்று எதன்மேலாவது ஏறினால் கிடைக்கும். தெற்குக் கூடாரத்துக்கு வண்டி வரவில்லை என்று மேனேஜர் சொன்னான். மாடு சமையல்கட்டுக்கு வந்ததே, இப்போது எங்கே என்று நம்குண்டா கேட்டாள். "சாப்பிட்டுட்டுப் போயிருக்கும்க்கா" என்றான். லைசர் தன் அறையிலிருந்து இரண்டு தடவை வந்து, வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நம்குண்டாவின் மக்காண்டே டப்பா திறக்காமலே இருந்தது.

மூன்றரைக்கு டெம்பாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசினது அவன் இல்லை.

"நம்குண்டாதானே? நாகடோரி பேசறேன். புத்து மேல நிக்கறேன்."

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க, நான்..."

"குறுக்க பேசாதே. முதல்ல வாதி. வண்டி அச்சு வரைக்கும் சேத்துல இறங்கியிருக்கு. கூடாரத்துலேருந்து டிராக்டர் வரணுமாம், அது மெதுவா வரும். இது ஒரு புகார். இதைவிடப் பெரிய புகார் இன்னொண்ணு இருக்கு."

லைசர் அறை வாசலில் வந்து நின்றார்.

"எப்படிப்பட்ட ஆளைடி எனக்குக் கொடுத்திருக்கே? இவன் சக்காதானே? மூணு மணி நேரமா திட்டறேன். அவன் காது பக்கத்துல சில்லறையைக் குலுக்கிப் பார்த்தேன். செத்த சக்காகூட எழுந்து உக்காருவான். இவன் என்ன சொல்றான் தெரியுமா? 'உண்மைதாம்மா, நாங்க காசாசை பிடிச்சவங்கதான்'ங்கறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. முப்பத்தோரு வருஷம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஒரு சக்கா வாயத் திறந்து என்னைக் கிண்டல் பண்ண முடியல, கோர்ட் அவமதிப்பு. ரிட்டயர் ஆனதே யாராவது என்னைத் திட்டட்டும்னுதான். இங்க வந்து பார்த்தா இவன் கைகட்டி நிக்கறான்!"

"அம்மா, அவர் இரட்சிக்கப்பட்டுட்டார். கேலி பண்ணக் கூடாதுன்னு பாஸ்டர் உத்தரவு."

"எந்த அதிகாரத்துல?"

மேஜையில் டெம்பாவின் கண்ணாடி இருந்தது. நம்குண்டா அதைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியலம்மா. ஆனா மேல இருக்கற அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னும் பைபிள்ல சொல்லியிருக்காங்கபோல. என் தப்பான பிளானுக்கே கீழ்ப்படியறேன்னுதான் பதில் போட்டார்."

அந்தப் பக்கம் ஜட்ஜ் அம்மாவின் குரல், போனுக்கு வெளியே, கோர்ட்டில் கேட்டிருக்கக்கூடிய குரல்: "டெம்பா! ஏறி வா இங்க. வந்து இவளைக் கேலி பண்ணு, இது உத்தரவு. மீறினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

யாரோ மூச்சிரைக்க ஏறினார்கள். தொண்டையைச் செருமினார்கள்.

"மச்சினி" என்றான் டெம்பா.

நம்குண்டா மூக்குக்கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சேறு எப்படி மச்சான்?"

"சேறா? எந்தச் சேறு?" குரல் முதலில் தயங்கியது. "சிமெண்ட் ரோடுதான் மச்சினி. உங்க பாரே ஜட்ஜ் வர்றாங்கன்னு கேள்விப்பட்டு, கேஸ் போட்டுடுவாங்களோன்னு ரோடே பயந்து உள்ள போயிடுச்சு. நாங்க மேல நிக்கறோம்."

ஜட்ஜ் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். ஐக்காண்டே முந்தானையாகத் தோளில் போட்டிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாடு?" என்றாள் நம்குண்டா.

"மாடா? இங்கதான். சுத்தி நிக்குது. வண்டிக்கு முன்னாடி, பின்னாடி, ஏரி வரைக்கும் கறுப்பா. கேளு."

ஸ்பீக்கரில் முக்கல் கேட்டது. ஒன்று, பிறகு இரண்டு மூன்று, மேலும் கீழுமாக. நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தோம்.

"நிஜமாவே நிக்குதா?" என்று லைசர் கேட்டார். நம்குண்டா திறக்காத மக்காண்டே டப்பாவைப் பார்த்தாள்.

"நம்குண்டா" என்று ஜட்ஜ் அம்மா போனை வாங்கிக்கொண்டார். "போன வருஷப் புகார், இந்த வருஷப் புகார், ரெண்டும் தள்ளுபடி. உங்க முதலாளிகிட்ட சொல்லிடு."

"கேட்டுட்டுதான் இருக்கேம்மா" என்றார் லைசர், போனைப் பார்த்து வணங்கினபடி.

"அம்மா, மாடு அங்க..." என்று நம்குண்டா ஆரம்பிப்பதற்குள் போன் டெம்பாவிடம் போய்விட்டது. டிராக்டர் தெரிகிறது, இறங்கப் போகிறோம் என்றான்.

"இரு மச்சான், நாளைக்கு எங்க அனுப்பறது? தெற்கா மேற்கா?"

"மேற்கு."

"நிஜமா?"

"நான் என்னிக்கு மச்சினி உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

சிக்னல் போய்விட்டது.

லைசர் நம்குண்டாவின் மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அறைக்குப் போனார். ஐக்காண்டே கண்ணாடியை அவள் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து மறுபடியும் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. நாளைக்கான சீட்டில் வாசலின் பெயர் இன்னும் எழுதவில்லை. நம்குண்டா தெற்கிலிருந்த பீன்ஸை எல்லாம் வாரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரைபடத்துக்குமேல் நின்றாள்.

"ஜட்ஜ் அம்மா போட்ட உத்தரவு" என்று எங்களைக் கேட்டாள், "எத்தனை கேள்வி வரைக்கும்னு யாராவது கவனிச்சீங்களா?"